56 மணி நேரக் கணக்கு

மாதத்திற்கு 56 மணி நேரம். சிங்கப்பூரில் ஒரு பெண்ணை ‘வேலைக்குச் செல்லும் தாய்’ என்று குழந்தைப் பராமரிப்பு மானியத் திட்டம் ஏற்றுக்கொள்ள, அவர் குறைந்தது இவ்வளவு நேரம் வேலை பார்க்க வேண்டும். வாரத்திற்கு ஏறத்தாழ 13 மணி நேரம். விடுமுறைக் காலத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் நம்மில் பலர் இரண்டே நாளில் இதைத் தாண்டிவிடுவோம். மூன்று வயதுக் குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு அந்த 13 மணி நேரம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

நான் வசிக்கும் தோ பாயோவில் காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் இயங்கும் பராமரிப்பு நிலையங்களின் வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு, அழும் பிள்ளையை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு, எம்ஆர்டி நிலையம் நோக்கி ஓடும் பெற்றோர் ஒரு பக்கம். தள்ளுவண்டியுடன் ஈரச்சந்தைக்குப் போகும் தாய்மார் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் அரசாங்க உதவி உண்டு. ஆனால் ஒரே அளவில் அல்ல.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தோ பாயோ 1960களில் வீடுகளோடு தொழிற்சாலைகளும் சேர்த்துத் திட்டமிடப்பட்ட நகர். பிலிப்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை லோரோங் 1இல் இருந்தது. வீட்டிற்கு அருகிலேயே வேலை இருந்தால் பெண்கள் வருவார்கள் என்பது அன்றைய எண்ணம். அவர்கள் வந்தார்கள், பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1970இல் சிங்கப்பூர்ப் பெண்களில் பத்துக்கு மூவர் அளவில்தான் ஊழியரணியில் இருந்தனர். இப்போது பத்தில் ஆறு பேருக்கும் மேல். இடையில், 1977இல் அரசாங்கத்தின் குழந்தைக் காப்பகங்களை என்டியுசி எடுத்து நடத்தத் தொடங்கியது. 1987இல், அப்போது துணைப் பிரதமராக இருந்த கோ சோக் டோங், வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ள ஊக்குவிக்கும் புதிய மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தபோது, பராமரிப்பு நிலையக் கட்டணத்திற்கு மாதம் 100 வெள்ளி மானியமும் அதில் இடம்பெற்றது. ஆக, இந்த உதவி தொடக்கத்திலிருந்தே இரண்டு நோக்கங்களைச் சுமந்து வந்திருக்கிறது: பிள்ளை பெறுங்கள், வேலையையும் விடாதீர்கள். பிள்ளைக்கு நல்ல தொடக்கம் என்ற மூன்றாவது நோக்கம் சற்றுத் தாமதமாகத்தான் முன்வரிசைக்கு வந்தது என்பது என் கருத்து.

இன்றைய நிலவரம் இது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு மட்டுமே மானியம். நிரந்தரவாசிப் பிள்ளைக்குக் கிடையாது. நம் சமூகத்தில் பல குடும்பங்களுக்கு இது முக்கியமான தகவல். முழுநாள் பராமரிப்புக்கு வேலைக்குச் செல்லும் தாய்க்கு மாதம் 300 வெள்ளி அடிப்படை மானியம், வேலையில்லாத தாய்க்கு 150 வெள்ளி. குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 12,000 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், வேலைக்குச் செல்லும் தாய்க்கு இதற்கு மேல் 467 வெள்ளி வரை கூடுதல் மானியமும் உண்டு. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல் போன்ற, அரசாங்க ஆதரவு பெறும் ஐந்து பெரிய நடத்துநர்களின் கட்டண உச்சவரம்பு 2026 ஜனவரி முதல், பொருள் சேவை வரி நீங்கலாக, 610 வெள்ளி. வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருக்கும் குடும்பம் மாதம் 3 வெள்ளி அளவுக்குக் குறைவாகக் கட்டினால் போதும். அதாவது ஒரு கிண்ண லக்சாவுக்கும் போதாத தொகை.

சிக்கல் தாய் வேலையில் இல்லாதபோதுதான். 610இலிருந்து 150ஐக் கழித்தால் 460 வெள்ளி. ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டிற்கு அது பெரிய தொகை. எங்கள் புளோக்கில் ஓர் அக்கா காசாளர் வேலைக்கு நேர்முகத்திற்குப் போக நினைத்தார். பிள்ளையை எங்கே விடுவது? நிலையத்தில் சேர்க்கலாம் என்றால் வேலை கிடைத்த பிறகுதான் முழு மானியம். வேலை கிடைக்க வேண்டுமென்றால் முதலில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். முட்டையா கோழியா என்பதுபோல.

2024 வரவுசெலவுத் திட்டத்தில் இந்த முடிச்சின் ஒரு பகுதி அவிழ்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து, குடும்ப மாத வருமானம் 6,000 வெள்ளி வரை உள்ள வீடுகளில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு, தாய் வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரே அளவு மானியம். எனக்கு இது வெறும் தொகை உயர்வாகத் தெரியவில்லை. தாயின் வேலையைப் பார்த்துக் கொடுத்த உதவியை, பிள்ளையைப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

மீதிப் பகுதி அப்படியே இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 56 மணி நேர விதி தொடர்கிறது. வேலை தேடும் தாய்மாரின் நிலையைத் தனியே பரிசீலிக்க வழி இருக்கிறது என்றாலும், அதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தால்தானே கேட்க முடியும்? வேலைக்குச் செல்வோரின் வரிப்பணம், அவர்களுக்கே முன்னுரிமை என்பாரும் உண்டு. அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகத் துடிப்பவரையே அந்த விதி வாசலில் நிறுத்தினால் யாருக்கு லாபம்?

இதில் நமக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிற்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்வது யார்? சிங்பாஸில் நுழைந்து படிவம் நிரப்புவது யார்? பெரும்பாலும் நாம்தான். அப்போது கவனிக்க இரண்டு விஷயங்கள். ‘குடும்ப வருமானம்’ என்பது ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் உறவினர்களின் வருமானத்தையும் குறிக்கும்; அண்ணன் முழுநேர வேலையில் சேர்ந்தால் தம்பியின் மானியம் மாறக்கூடும். வீட்டில் ஐந்து பேருக்கு மேல், அல்லது ஐந்து பேரே இருந்து, அவர்களில் மூவராவது பிறரைச் சார்ந்து வாழ்பவராக இருந்தால், மொத்த வருமானத்திற்குப் பதில் தலைக்கு எவ்வளவு என்று கணக்கிடும்படி கேட்கலாம். தாத்தா பாட்டியோடு வாழும் பெரிய குடும்பங்களுக்கு இது கைகொடுக்கும்.

தமிழ்ப் பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்வி, அங்கே தமிழ் உண்டா என்பது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் அனைத்திலும் தமிழ் உண்டு. மற்ற நிலையங்களில் இடத்துக்கு இடம் மாறும்; சேர்க்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. விண்ணப்பத்தைப் பெரும்பாலும் நிலையத்தின் வழியாகவே கொடுக்கலாம். முன்பணத்திற்கே சிரமம் என்றால் தயங்காமல் நிலையத்திடமோ தோ பாயோவிலுள்ள சமூக சேவை அலுவலகத்திடமோ சொல்லுங்கள். தொடக்கச் செலவுக்கென்று தனி உதவி இருக்கிறது.