தலைகீழ் நாட்டின் நியாயம்

தஞ்சாவூரை அடுத்த ஒரத்தநாட்டிற்கு முத்தாம்பாள்புரம் என்ற மற்றொரு பெயரை ஈந்த சத்திரம், மரணத் தறுவாயில் ஒரு பெண் வெளியிட்ட விருப்பத்தைத் தஞ்சை மன்னர் சரபோஜி நிறைவேற்றி வைத்ததன் பலன் என்பார்கள். அக்காலத்தில் ஒரு ஸ்திரீயின் சங்கல்பம் உருப்பெற வேண்டுமானால், அது ஒரு புருஷனுடைய கட்டளையாகவே வெளிப்பட வேண்டியிருந்தது. இதே காவிரி பூமியில், மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஞானாம்பாளை அரியணை ஏற்றவே துணிந்துவிட்டார்; ஆயினும் பட்டத்து யானை மாலையிட்டதும், குடிகள் வணங்கியதும் ஆண் வேஷம் தரித்த ஞானாம்பாளைத்தான். தமிழின் முதல் நாவலாசிரியரிடம் குறை காண்பதாக யாரும் எண்ண வேண்டாம். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் சென்றதே பெரிது.

வேஷத்தையும் களைந்துவிட்டுப் பெண்ணை ஆளவைத்த கதை, 1905இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் ஆங்கில மாதப் பத்திரிகையில் வெளியாயிற்று. ‘சுல்தானாவின் கனவு’ என்பது அதன் பெயர். எழுதியவர் வங்காளத்தின் ரங்கபூர்ப் பிரதேசத்தில் 1880இல் பிறந்து, பள்ளிக்கூட வாசலையே மிதியாமல், தமையனாரிடம் ஆங்கிலம் கற்ற ரொகேயா சகாவத் ஹுசேன்.

கதையில் சுல்தானா ஒரு விசித்திர தேசத்தின் வீதியில் நடக்கிறாள். கூச்சத்தால் அவள் தயங்குவதைக் கண்டு, ஆண்பிள்ளையைப் போல் அஞ்சுகிறாளே என்று வழிப்போக்கர்கள் நகைக்கிறார்கள். ஆண்கள் எங்கே என்றால், ‘மர்தானா’ என்னும் அந்தப்புரத்தில் அடுப்பையும் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்! பைத்தியக்காரர்கள் தப்பி வந்து ஊரில் திரிந்தால் அவர்களைப் பிடித்து அடைப்பீர்களா, அல்லது புத்தி தெளிந்தவர்களை அடைத்துவிட்டு அவர்களை உலவவிடுவீர்களா என்று அந்நாட்டுத் தோழி வெகு சாந்தமாகக் கேட்கும்பொழுது, சுல்தானாவுக்கு மட்டுமன்றி நமக்கும் பதில் தோன்றுவதில்லை. சுல்தானாவின் ஊர் ஆண்கள் அலுவலகத்தில் ஏழு மணி நேரம் இருந்து ஆறு மணி நேரம் சுருட்டுப் பிடிக்கிறார்கள் என்றும், அந்த வேலையைத் தாங்கள் இரண்டே மணியில் முடித்துவிடுவதாகவும் அவள் கணக்குச் சொல்கிறாள். பெண்களுக்கென்று இரண்டு சர்வகலாசாலைகள். ஒன்றின் பண்டிதைகள் மேகத்திலிருந்து நேராக நீரை இறக்குகிறார்கள், மற்றொன்றினர் சூரிய உஷ்ணத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்குமா, திறந்தாலும் புது ஆற்றில் தண்ணீர் என்றைக்கு வந்து சேரும் என்று நாற்றங்காலில் நின்று கவலைப்படும் ஒரத்தநாட்டுக் குடியானவர், அந்த முதல் கலாசாலையின் விலாசத்தை விசாரித்தாலும் விசாரிப்பார்.

இதற்கு முன்பே, நோயாளியைச் சிறையிலிட்டு, மோசடிக்காரனுக்கு வைத்தியம் பார்க்கும் தேசமொன்றை சாமுவேல் பட்லர் என்னும் ஆங்கிலேயர் 1872இல் ‘எரிவான்’ என்ற நூலில் படைத்தார். இவ்வகைக் கதைகளின் சூட்சுமம் எல்லாவற்றையும் குழப்பிவிடுவதில் இல்லை. ஒரே ஒரு விதியைப் புரட்டி வைத்துவிட்டு, அதைக் காக்க நாம் அன்றாடம் சொல்லும் நியாயங்களையே, நம்முடைய குரலிலேயே, எதிர்த்தரப்பார் பேசும்படி செய்வதில்தான் இருக்கிறது. சுல்தானா கண்ட நாட்டில், சேனாபதிகள் யுத்தத்தில் தோற்றதற்குத் தாங்கள் ஏன் அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்று முறையிட்ட மாஜிஸ்திரேட்டுகளுக்கு, தேவைப்பட்டால் சொல்லியனுப்புகிறோம், அதுவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று அந்நாட்டு ராணி சுற்றறிக்கை விடுகிறாள். அரசாங்கக் காகிதத்தின் தொனி அப்படியே இருக்கிறது. ரொகேயாவின் கணவர் டெபுடி மாஜிஸ்திரேட் உத்தியோகம் பார்த்தவர் என்பதை நினைத்தால் ரஸம் கூடும். மனைவி எழுதியதை நின்றபடியே படித்து முடித்து, இது பயங்கரமான பழிவாங்கல் என்றாராம் அவர்.

பூட்டை உடைக்காமல் ஆளை மட்டும் மாற்றுவது என்ன சீர்திருத்தம் என்று கேட்பவர் உண்டு. அது சீர்திருத்தத் திட்டமன்று, பரிகாசம். திட்டத்தை ரொகேயா வேறு விதமாகவே செய்தார்: கணவர் காலமான பின் 1909இல் பாகல்பூரில் தொடங்கிய பெண் பாடசாலையை 1911இல் கல்கத்தாவில் மீண்டும் நிறுவி, 1932இல் மறையும் வரை நடத்தினார். கோஷா கெடாமலிருக்க அப்பள்ளியின் வண்டி நாற்புறமும் அடைக்கப்பட்டது. காற்றில்லாமல் சிறுமிகள் மயங்கி விழுந்தார்கள். அடைப்பை எடுத்துத் திரை கட்டினால், திரை காற்றில் விலகுகிறது, மானம் போகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. கனவு தேசத்து ராணியைப் படைத்த கைதான் அவற்றுக்கும் பணிவாகப் பதில் எழுத வேண்டியிருந்தது.