பழைய காருக்குக் கூடுதல் விலை: மகிழ்வதற்கு முன் ஒரு கணக்கு

பெங்களூர் அல்சூரில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா, வேலூர் நம்பர் போட்ட தம் 2012-ம் வருஷத்துக் காரை ஓட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க உத்தேசம். வரவேற்பு பலமாக இருந்தது. காப்பி வந்தது. ஒரு சிப்பந்தி வண்டியைச் சுற்றி வந்தார். பெயிண்டின் கனத்தை அளக்கும் சிறு கருவியைக் கதவில் வைத்துப் பார்த்தார், டயரைத் தடவினார், உதட்டைப் பிதுக்கினார்.

"தமிழ்நாட்டு வண்டி சார். இந்த ஊரில் இதற்குக் கிராக்கி இல்லை."

சொன்ன விலை 1,85,000 ரூபாய். குமாஸ்தாவின் முகம் சுருங்கிவிட்டது. அதே கம்பெனியின் இன்னொரு ஷோரூமில் 2,10,000 தருவதாகச் சொன்னார்கள். அங்கேயே முன்பணம் கட்டப் போனவரை, கூட வந்த மைத்துனர் தடுத்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

புதிய கார் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து இரண்டு இடத்திலும் 8,00,000. கூடுதல் விலை சொன்ன இடத்தில் தள்ளுபடி கிடையாது. கையிலிருந்து கட்ட வேண்டியது 5,90,000. பழைய வண்டி கொடுப்பவர்களுக்குக் கம்பெனி தரும் 20,000 ரூபாய் 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' என்னவாயிற்று என்று கேட்டால், அதுவும் அந்த 2,10,000-க்குள் அடக்கமாம்! முதல் ஷோரூமிலோ போனஸ் தனி, புதிய காரில் 25,000 தள்ளுபடியும் உண்டு. கட்ட வேண்டியது 5,70,000. குறைத்துக் கேட்டவரிடம் கொடுத்தால்தான் 20,000 லாபம்.

பழைய வண்டிக்குக் கொடுக்கும் விலையும் புதிய வண்டிக்குக் கொடுக்கும் தள்ளுபடியும் ஷோரூம்காரருக்கு ஒரே பையிலிருந்துதான் போகின்றன. ஒன்றில் ஏற்றி இன்னொன்றில் இறக்குவது அவருக்குச் சிரமமில்லை. ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் புதிய காரின் விலையைப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பழைய காரைப் பற்றி வாயைத் திறக்கிறார்கள். இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; வெளியே விசாரிக்கலாம்.

தமிழ்நாட்டு நம்பர்

சிப்பந்தி சொன்னது முழுப் பொய் அல்ல. வேறு மாநிலத்து வண்டியை ஓரிடத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. ஊர் ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபணையின்மைச் சான்று, இங்கே சாலை வரி என்று செலவு நீளும். ஆனால் ஓசூர் எத்தனை தூரம்? வண்டியைத் திரும்பத் தமிழ்நாட்டிலேயே விற்றுவிட்டால் இந்தச் செலவு எதுவும் இல்லை. குமாஸ்தா வேலூரில் ஒரு தரகருக்குப் போன் போட்டு விலை கேட்டுக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். 1,85,000 என்பது 1,95,000 ஆயிற்று.

போனஸுக்கும் நிபந்தனைகள் உண்டு. பழைய வண்டி, வாங்குகிறவர் பெயரிலோ நெருங்கிய குடும்பத்தார் பெயரிலோ இருக்க வேண்டும் என்பது வழக்கம். நண்பரின் வண்டி செல்லாது. வங்கிக் கடன் அடைந்திருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் நீங்கியிருக்க வேண்டும். அதற்குப் படிவம் 35.

பலர் கோட்டைவிடுவது 'நோ கிளெய்ம் போனஸ்'. ஐந்து வருஷம் நஷ்டஈடு கேட்காதவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை கழிவு. இது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். கேட்காதவருக்கு ஷோரூமில் யாரும் நினைவூட்டுவதில்லை.

பெயர் மாறாவிட்டால்

வண்டி போய்விட்டது, பணம் கழிந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவதில்தான் ஆபத்து. வாங்குகிறவர் பெயர் எழுதாத 29, 30-ம் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வண்டி கை மாறிக் கை மாறி எங்கோ ஓடும். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர் தாங்குகிற தொகையா அது?

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, 29சி படிவத்தில் தகவல் பதிவாகிவிட்டால், அதன்பின் பொறுப்பு வியாபாரியுடையது.

குமாஸ்தா அந்தச் சான்றைக் காட்டச் சொன்னார். தேடி எடுக்க அரை மணி ஆயிற்று. 29சி பதிவான ரசீதையும், ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய கடிதத்தையும் வாங்கும் வரை அவர் சாவியைக் கொடுக்கவில்லை. "எங்களிடம் நம்பிக்கை இல்லையா சார்?" என்று மானேஜர் வருத்தப்பட்டார். குமாஸ்தா சிரித்துவிட்டு, கண்ணாடியிலிருந்து ஃபாஸ்டேக்கை உரித்தார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரசீதில் நேரம் மாலை 6.40 என்றிருந்தது.