உதிரப்பட்டியும் இழப்பீடும்

குற்றம் இழைத்தாரை ஒறுத்தல் அரசின் கடன் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், அக்குற்றத்தால் இழந்தவர்க்கு அவ்விழப்பை நிரப்பும் கடன் யாருடையது? இழைத்தவனுடையதா, அரசனுடையதா, ஊராருடையதா? இவ்வினாவிற்குத் தமிழகம் காலந்தோறும் கூறிய விடைகள் ஒரு தன்மையன அல்ல. ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியின் நடுகற்களும், அப்பகுதியோடு 2004 வரை ஒரே மாவட்டமாய் இணைந்திருந்த தருமபுரியில் எழுந்த வாச்சாத்தி வழக்கும் இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணையாவன. அவற்றை ஒருங்கு வைத்து ஈண்டு ஆராய்வாம்.

சொல்லும் பொருளும்

கெடு என்பது கேடு என்றும், படு என்பது பாடு என்றும் நீண்டாற்போல, இடு என்பது நீண்டு ஈடு என நின்றது. இது முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஒப்பாக இடப்படுவது ஈடு. இழப்பிற்கு ஒப்பாக இடப்படுவது இழப்பீடு. தண்டம் என்னும் சொல் இழைத்தவனை நோக்கியது. அப்பொருள் அரசின் கருவூலத்தைச் சேரும். ஈடு என்னும் சொல்லோ இழந்தவரை நோக்கியது. அப்பொருள் அவர் மனையைச் சேர்தல் வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்தாலன்றிப் பின்வரும் செய்திகள் விளங்கா.

கல்வெட்டுச் சான்றுகள்

கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகள் நடுகற்கள் மலிந்தவை. ஆநிரை மீட்டும், ஊரைக் காத்தும் பட்ட வீரர் பலர்க்கு ஆங்குக் கல்லெடுத்தனர். அங்ஙனம் பட்டோர் குடிக்கு நிலம் விடுதலும் உண்டு. அதனைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்றும், நெய்த்தோர்ப்பட்டி என்றும் வழங்கும். நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கன்னடத்தில் நெத்தரு என்பது அதன் இனச்சொல். அம்மொழிக் கல்வெட்டுகள் இக்கொடையை நெத்தரு கொடகெ என்னும். எல்லையின் இருபாலும் ஒரே வழக்கம் ஒரே சொல்லடியால் வழங்கினமை இதனாற் புலனாகும். எனினும், இக்கொடையை அளித்தவர் அரசரோ, தலைவரோ, ஊராரோ ஆவர், கொன்றவர் அல்லர். இழந்த குடி ஈடு பெற்றது; இழைத்தவன் கை அதிற் படவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகள் பிறிதொரு முறையைக் காட்டுகின்றன. வேட்டையில் எய்த அம்பு தவறி ஆள்மேற் பட்டு உயிர் போயின், கொல்லும் கருத்து இன்மையால் உயிர்க்கு உயிர் கொள்ளாது, கோயிலில் விளக்கெரிக்குமாறு எய்தவனைப் பணித்தனர். நொந்தா விளக்கு ஒன்றற்குச் சாவா மூவாப் பேராடு 96 என்பது பெருவழக்கு. இங்கே கொடுப்பவன் இழைத்தவனே. ஆயின் பொருள் சேருமிடம் கோயில். இறந்தவனது மனைக்கு என்ன கிடைத்தது என்னும் வினாவிற்கு இக்கல்வெட்டுகள் பொதுவாக விடை தருவதில்லை.

காப்பியச் சான்று

சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் வரலாறு இவ்விரண்டினும் நமக்கு அணுக்கமானது. திருத்தங்காலில் வாழ்ந்த அவனைப் புதையல் கவர்ந்தான் எனப் பிழைபடக் கருதிச் சிறையிலிட்டோர் அரசனின் ஏவலரே. கொற்றவை கோயிற் கதவு திறவாமை கண்டு உண்மை உணர்ந்த பாண்டியன், பிழையைத் தன் முறையின் பிழையாகவே ஏற்றுப் பொறுத்தருள வேண்டித் தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். அரசின் ஏவலர் செய்த தீங்கிற்கு அரசே ஈடு தந்தமைக்கு இஃது ஒப்பற்ற சான்று. ஆயின், ஏவலரிடமிருந்து ஏதேனும் கொள்ளப்பட்டதாக இளங்கோவடிகள் கூறிற்றிலர்.

இக்காலச் சட்டம்

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்து 545ஆம் பிரிவு, விதிக்கப்பட்ட அபராதத்தினின்று மட்டுமே இழந்தவர்க்குப் பொருள் வழங்க இடந்தந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357ஆம் பிரிவு ஒரு படி மேற்சென்று, அபராதம் விதிக்கப்படாதவிடத்தும் குற்றவாளியே இழப்பீடு செலுத்துமாறு ஆணையிடலாம் என்றது. இவ்வதிகாரத்தைத் தாராளமாகக் கையாளுமாறு 1988இல் அரிசிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது. 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், இழப்பீடு பற்றி எண்ணிப் பார்த்துக் காரணம் எழுதுதல் நீதிமன்றங்களின் கடமை என்றது.

குற்றவாளி வறியன் ஆயின் என் செய்வது? இக்குறையை நிரப்ப 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த 357அ பிரிவு, அரசே பொருள் வழங்கும் திட்டத்தை வகுத்தது. 2024 சூலை 1 முதல் இவ்விரு பிரிவுகளும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 395, 396 என்னும் எண்களைப் பெற்றுள்ளன. விளக்கிட்டவன் கையும் உதிரப்பட்டி தந்தார் கையும் இங்கு ஒரே சட்டத்துள் அடுத்தடுத்து நிற்றல் காண்க.

வாச்சாத்தித் தீர்ப்பு

சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடிச் சிற்றூர் வாச்சாத்தி. 1992 சூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஆங்குப் புகுந்தனர். ஊரார் தாக்கப்பட்டனர், வீடுகள் சிதைக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் விசாரணைக் காலத்தில் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒவ்வொருவர்க்கும் ரூ. 10 இலட்சம் அரசு வழங்குக என்றும், அதிற் பாதியை அக்குற்றம் புரிந்தோரிடமிருந்து பெறுக என்றும் பணித்தது.

இப்பாதி என்னும் அளவே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பாண்டியன் தன் பொருளால் மட்டும் ஈடு செய்தான். இத்தீர்ப்போ அரசின் கடனையும் ஏவலரின் கடனையும் தனித்தனியே அளந்து, இரண்டும் இழந்தவர் மனையிற் சென்று சேருமாறு செய்தது. எனினும், ஆணை பிறக்குமுன் முப்பத்தோராண்டு கழிந்தது. அதற்குள் அப்பெண்களுள் மூவர் இறந்துவிட்டனர். அவர்க்குரிய தொகை குடும்பத்தார்க்கே ஆயிற்று. காலங்கடந்த ஈடு முழு ஈடாகாது.

எல்லைப்புறத்தின் இடர்

ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் இவ்விடர் பின்னும் மிகும். சிப்காட் தொழிற்பேட்டைகளை நாடி வந்த வட, கீழ் மாநிலத் தொழிலாளர், வழக்கு முடியுமுன் ஊர் திரும்புதல் கூடும். அபராதத்தினின்று தரவேண்டிய தொகையையோ, மேன்முறையீடு முடியும்வரை வழங்குதல் ஆகாது. குற்றவாளியின் உடைமை அத்திப்பள்ளிக்கு அப்பால் கருநாடகத்தில் இருப்பின், ஆங்குள்ள மாவட்ட அதிகாரியின் ஒப்பம் பெற்றே அதனைப் பற்றல் இயலும். ஒரே சொல்லடியால் ஒரே கொடையை வழங்கிய நிலத்தில், ஆணையொன்று எல்லை கடக்கக் காலம் செல்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், இழந்தவரைப் பேணும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று என்பதும், இழைத்தவன் கைப்பொருளே இழந்தவர் கை சேரவேண்டும் என்னும் நெறியே இக்காலச் சட்டத்தின் வளர்ச்சி என்பதும் பெறப்படும். தீர்ப்பில் எழுதிய தொகை உரியார் கையிற் சேரும்வரை அது வெறும் எண்ணே. இடப்பட்ட பின்னரே அது ஈடு எனப்படும்.