கல்யாணக் கடனும் திருமலைப் பயணமும்

சித்தூர் ரயிலடியில் டிக்கெட் ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்திருப்பவனுக்கு முகூர்த்த நாள் எது என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. முதல் நாள் மாலையே பெரியவர் ஒருவர் வந்து, "திருப்பதிக்குப் பதினைந்து" என்று கேட்பார். பின்னால் மஞ்சள் பையும் மாலைக் கூடையுமாக ஒரு கூட்டம் நிற்கும்.

இவர்களைத் தவிர இன்னொரு வகையினரும் உண்டு. "திருப்பதி ரெண்டு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, நாம் கேட்காமலேயே, "எங்க கல்யாணம் அங்கதான் சார் நடந்தது" என்று சொல்லிச் சிரிக்கும் நடுவயதுத் தம்பதியர். கல்யாணம் நடந்த இடத்தை மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு வரப் போகிறவர்கள் அவர்கள்.

சித்தூர், நகரி, திருத்தணி, குடியாத்தம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் திருமலையில் தாலி கட்டியவர்கள் ஏராளம். சிலருக்கு அது வேண்டுதல். பலருக்கு, உள்ளதைச் சொன்னால், சத்திர வாடகைக்கும் பந்திச் செலவுக்கும் வழி இருந்ததில்லை. நான் இரண்டாவது வகை.

அடுத்தவர் மேளம்

2014 ஆவணியில், மலை மேல் ஒரு மடத்துக் கூடத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. அன்று அதே கூடத்தில் ஐந்து கல்யாணம். வரிசையில் எங்களுடையது மூன்றாவது. ஐந்துக்கும் சேர்த்து ஒரே நாயனம், ஒரே தவில்.

"கெட்டி மேளம்" என்று குரல் கேட்டதும் நான் அவசரமாகத் தாலியைக் கட்டிவிட்டேன். கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அது பக்கத்து மணவறைக்கு வாசித்த மேளம் என்று! "அடுத்தவங்க மேளத்துலதானே என் கழுத்துல தாலி ஏறிச்சு" என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் முழுக்க விளையாட்டும் அல்ல.

அந்தத் தாலிக்குப் பவுன் வாங்க என் மாமியார் தம் இரண்டு வளையல்களையும் அடகு வைத்திருந்தார். மீட்டுக் கொடுத்த பிறகுதான் மறுபடி மலையேறுவது என்று நான் மனத்துக்குள் ஒரு சபதம் செய்துகொண்டேன். குழந்தை பிறந்தது, வாடகை ஏறியது, அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தோம். வருஷா வருஷம் வட்டி கட்டி அடகுச் சீட்டை மாற்றி வைத்ததுதான் மிச்சம். ஒன்பதாம் வருஷம் ஒரு வளையலை மீட்டேன். மற்றது கடையிலேயே இருந்தது.

சென்ற 2024 ஆவணியில் பத்து வருஷம் நிறைந்தது. "போகலாமா?" என்றாள். நான் காரணத்தைச் சொன்னேன்.

"பெருமாளே குபேரன் கிட்ட வாங்கின கடனை இன்னும் அடைக்கல. கடனோடதான் மலை மேல நிக்கறார். உங்களுக்கு மட்டும் என்ன அவ்வளவு ரோஷம்?" என்றாள்.

பதில் தெரியாமல் லீவு எழுதிக் கொடுத்தேன்.

பெருமாள் கல்யாணம் நடந்த ஊர்

மாமியாரையும் பையனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். கல்யாணத்தை நினைத்துப் போகிறவர்கள் நேரே மலைக்குப் போகாமல், பெருமாளின் கல்யாணம் நடந்த நாராயணவனத்துக்கு முதலில் போவது பொருத்தம். ரேணிகுண்டா - அரக்கோணம் பாதையில் புத்தூரில் இறங்கினால் சுமார் 5 கிலோமீட்டர். ஆகாசராஜன் தன் மகள் பத்மாவதியை சீனிவாசனுக்குக் கன்னிகாதானம் செய்து கொடுத்த ஊர் இது என்பது ஸ்தல புராணம். அந்தக் கல்யாணச் செலவுக்குத்தான் குபேரனிடம் கடன். பிரம்மாவும் சிவனும் சாட்சி. பக்தர்கள் உண்டியலில் போடும் காணிக்கை அந்தக் கடனுக்கு வட்டியாகப் போகிறது என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை.

கல்யாண வெங்கடேசுவரர் கோயிலில் ஒரு பெரிய திருகைக் கல் இருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்கு அரைத்த கல் என்கிறார்கள். என் மாமியார் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றை வளையல் போட்ட கை அது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அடுத்து சீனிவாச மங்காபுரம். திருப்பதியிலிருந்து 12 கிலோமீட்டர், சந்திரகிரிக்குப் பக்கம். கல்யாணமான கையோடு ஆறு மாதம் மலையேற வேண்டாம் என்று அகஸ்திய முனிவர் சொல்ல, பெருமாளும் தாயாரும் அதுவரை இங்கே தங்கினார்களாம். அதனால் இங்கே புதுமணத் தம்பதியர் கூட்டம் எப்போதும் உண்டு. திருமலைக்குப் போக முடியாதவர்கள் இங்கே தரிசித்தாலே போதும் என்பார்கள். இங்கிருந்து மலைக்கு ஸ்ரீவாரி மெட்டு என்ற படி வழியும் இருக்கிறது. அலிபிரி வழியில் 3,550 படி. இதில் 2,388 தான். மாமியாருக்கு முழங்கால் வலி. ஆகவே பஸ்ஸில் ஏறினோம். 1944-ல் முதல் மலைப்பாதை திறக்கும் வரை நடையோ டோலியோதான் கதி என்று பையனுக்குச் சொன்னேன். அவன் ஜன்னல் வழியே குரங்கு பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது முடிச்சு

2016 முதல் பாபவிநாசம் சாலையில் உள்ள கல்யாண வேதிகையில் தேவஸ்தானமே இலவசமாகக் கல்யாணம் நடத்தி வைக்கிறது. மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 வயது நிறைந்ததற்குச் சான்று வேண்டும். எங்களுக்கு இரண்டு வருஷம் முந்திவிட்டது!

தரிசனம் முடிந்து, தாலி கட்டிய மடத்துக்குப் போனோம். கூடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். தூண்கள் அதே தூண்கள். அன்றும் மூன்று கல்யாணம். அன்றும் ஒரே மேளம். எங்கள் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்த ஜோடிக்கு மொத்தம் ஆறேழு பேர்தான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை யாரும் இல்லை போலும். அவருடைய தாயார் என் மனைவியைப் பார்த்து, "கொஞ்சம் வந்து நாத்தனார் முடிச்சுப் போடும்மா" என்றார்.

அவள் போய் மணப்பெண்ணின் பின்னால் நின்றாள். பக்கத்து மணவறைக்குக் கெட்டி மேளம் கொட்டியது. இந்த மாப்பிள்ளையும் பரபரத்துத் தாலியைக் கழுத்தருகே கொண்டுபோனார்.

"இருப்பா. அது அவங்க மேளம். உன் மேளம் வரட்டும்" என்றாள் என் மனைவி.

அவர் காத்திருந்தார். நாயனக்காரர் திரும்பி வந்து இவர்களுக்காக வாசித்தார். இரண்டு முடிச்சு அவர் போட, மூன்றாவதை இவள் போட்டாள். நான் அட்சதை போட்டேன். அந்தத் தம்பதியின் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை.

இறங்கும் பஸ்ஸில் மாமியார், "மாப்பிள்ளை, அந்த இன்னொரு வளையலைப் பத்திக் கவலைப்படாதீங்க. பையன் படிப்பைப் பாருங்க" என்றார். சரி என்று சொல்லவில்லை. தை மாதம் சீட்டு முடிகிறது. வட்டியோடு அசலிலும் கொஞ்சம் கட்டிவிட வேண்டும்.

ஆனால் ஒன்று. சித்தூர் வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த அடுத்த வீட்டு மேளத்தை அவள் சொல்லிக் காட்டவில்லை.