கிரைண்டர் தூசியும் கூரைச் சீற்றும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. டைல்ஸ் வெட்டும் பாஸ் மூக்கைச் சுற்றித் துவாயைக் கட்டியிருப்பார். கிரைண்டர் சுழல, இமை மயிர்கூட வெளுத்துப்போகும். மேலே படிந்த தூசியை அவர் மாலையில் கழுவிவிடுவார். உள்ளே போன தூசியைக் கழுவ வழியில்லை.

நுரையீரல் ஏன் இறுகுகிறது?

டைல்ஸ், கருங்கல், கொங்கிரீட் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. பெரிய துணுக்குகள் சளியில் சிக்கி வெளியே வந்துவிடும். 5 மைக்ரோனுக்கும் குறைந்தவை துவாயையும் தாண்டிக் காற்றறைகள் வரை போகும். அங்கே காவலிருக்கும் கலங்கள் அவற்றை விழுங்கும். ஆனால் கரைக்க முடியாமல் தாமே மடியும். மடியும்போது அழற்சியை மூட்டும் பொருள்கள் கசிகின்றன. வெளியே விழுந்த துணுக்கை அடுத்த கலம் விழுங்குகிறது, அதுவும் மடிகிறது. காயம் ஆற்ற வந்த கலங்களோ கொலாஜன் நாரைப் போட்டுக்கொண்டே போக, மென்மையான நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் இது வளரக்கூடும். காசநோய் வரும் ஆபத்தையும் கூட்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரைகள்

கூரைச் சீற்றுகளில் இருக்கும் அஸ்பெஸ்டஸ் இழைகளும் இப்படித்தான் தழும்பை உண்டாக்குகின்றன. நோய் தெரியவரப் பத்து, இருபது வருடங்கள் ஆகலாம். புற்றுநோயும் வரலாம். 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்த இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தடை கைவிடப்பட்டது, தேயிலை மறுபடி கப்பலேறியது. தோட்டத் தொழிலாளியின் பிழைப்பையும் கூரை வேலைக்காரரின் மூச்சையும் எதிரெதிரே நிறுத்திய அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

உடையாமல் இருக்கும் சீற் பெரிய ஆபத்தில்லை. துளையிடுவதும், வாளால் அறுப்பதும், காய்ந்த பாசியைப் பிரஷ்ஷால் சுரண்டுவதுமே இழைகளைக் கிளப்பும். உடைந்த துண்டுகளை நனைத்து எடுங்கள், காய்ந்தபடி கூட்டாதீர்கள்.

மருந்து எதுவரை?

விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. காரணம் தெரியாத நுரையீரல் தழும்புக்கு பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டையும் 2014இல் அமெரிக்கா அனுமதித்தது. வேறு காரணங்களால் வந்து முற்றிக்கொண்டே போகும் தழும்புக்கும் நின்டெடானிப் 2020இல் அனுமதி பெற்றது. இவை நோயின் வேகத்தைக் குறைக்கும். வயிற்றோட்டம், குமட்டல் போன்ற தொல்லைகளும் உண்டு. மூச்சுப் பயிற்சியும் ஒட்சிசனும் நாளாந்த வாழ்வுக்குக் கைகொடுக்கும். முற்றிய நிலையில் சிலருக்கு நுரையீரல் மாற்றுச் சிகிச்சைதான் வழி.

வைத்தியரிடம் தொழிலைச் சொல்லுங்கள்

வறட்டு இருமல், மாடிப்படியில் மூச்சுவாங்கல் என்றால் முட்டு என்று நினைத்துப் பம்ப் அடித்துக்கொண்டே காலம் கடத்துகிறோம். எத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஆகியவற்றுக்கு அந்தத் தகவல்தான் வழிகாட்டும். நெஞ்சு நோய்களுக்கென்றே வெலிசறையில் அரச வைத்தியசாலை இருக்கிறது.

வீட்டில் டைல்ஸ் வேலை வைத்திருப்பவர்கள், தண்ணீர் விட்டு வெட்டும் மெஷினுக்கான வாடகையையும் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 மாஸ்க்கின் விலையையும் பாஸின் கூலிக்கு மேலாகக் கொடுங்கள்.