பள்ளியில் ஒரு நல்லிணக்க நாள்

பல இன மாணவர் பயிலும் பள்ளியில் பொதுவிழா ஒன்றை நடத்துவது எளிதெனத் தோன்றும். வண்ண ஆடைகளும் பலவகை உணவும் ஆடல் பாடலும் அமைந்துவிட்டால் விழா நிறைவுற்றதாகவே பலரும் கருதுவர். ஆயின், எதற்காக இவ்விழா என்னும் வினாவிற்கு விடை கூறாதவிடத்து, அஃது ஒருநாள் வேடிக்கையாகவே முடியும். இவ்வுண்மையைத் தெளியச் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் இன நல்லிணக்க நாளை ஈண்டு நோக்குவோம்.

1964 ஜூலை 21ஆம் நாள். சிங்கப்பூர் அப்போது மலேசியாவின் ஒரு பகுதி. அரசியல் பூசல் இனப்பகையாகத் திரிந்திருந்த வேளையில், அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரருக்கும் சீனருக்குமிடையே கலவரம் மூண்டது. அம்மாதத்திலும் மீண்டும் செப்டம்பரிலும் நிகழ்ந்த கலவரங்களில் 36 பேர் மாண்டனர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அருட்கொடையாய் வந்த நபியை நினைவுகூர்ந்த நாள் குருதி தோய்ந்த நாளாயிற்று.

1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. இன, மொழி, மத வேறுபாடு கடந்து ஒன்றுபடும் உறுதிமொழி 1966 முதல் பள்ளிகளில் ஒலிக்கலாயிற்று. அதன் வாசகத்தை வடித்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் பிறந்த எஸ். இராஜரத்தினம் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது. 1997 முதல் ஜூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மகிழ்ச்சிக்குரிய நாளொன்றைத் தேடாது, காயம்பட்ட நாளையே அவர்கள் தேர்ந்தனர். விழாவின் உயிர்நாடி இதுவே.

அன்று மாணவர் தத்தம் மரபுடையிலும், பிற இனத்தாரின் உடையிலும் வருவர். பிறருடையை அணிவோர் அதன் பெயரையும் அணியும் முறையையும் அவ்வினத் தோழரிடமே கேட்டறிதல் நன்று; கேட்குமிடத்தில்தான் நட்பு முளைக்கிறது. விளையாட்டுகளும் இவ்வாறே. மலாய்ச் சிறுவரின் சொங்காக் பலகையைக் காணும் தமிழ்ப்பிள்ளை அதில் பாட்டியின் பல்லாங்குழியைக் காண்பான். அரிசியோ மணலோ நிரப்பிய சிறு துணிப்பைகளால் ஆடும் ஐந்துகல் ஆட்டம் நம் சிறுமியரின் அஞ்சாங்கல்லே அன்றோ!

உணவில் தனிக்கவனம் வேண்டும். ஹலால் உணவையும் சைவ உணவையும் தனித்தனிப் பாத்திரங்களில் சமைத்து, பெயரெழுதி வைத்தல் வேண்டும். ஒருவரேனும் உண்ணத் தயங்கி ஒதுங்கி நிற்பாராயின், அப்பந்தி நல்லிணக்கப் பந்தி ஆகாது.

ஊரைக் காட்டுதலும் கல்வியே. தெலோக் ஆயர் தெருவில், சோழியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும், சீனரின் தியன் ஹோக் கெங் கோயிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அருகருகே நிற்கின்றன. கலவரம் மட்டுமன்று, அண்டை வாழ்வும் அந்நாட்டின் வரலாறே என்பதை மாணவர் அங்கே கண்ணாரக் காணலாம்.

எனவே, விழா எடுக்கும் ஆசிரியர்க்கு நாம் கூற விழைவது ஒன்றே: ஆடலுக்கு முன் வரலாற்றைக் கூறுங்கள், குழுக்களை இனவாரியாகப் பிரிக்காது கலந்தமையுங்கள். மறுநாள் உணவு இடைவேளையில் எவர் எவரோடு அமர்கின்றனர் என்று நோக்குங்கள். விழா வென்றதா என்பதை அக்காட்சியே கூறும்.