57 யார்டு போதுமா?

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நடந்த அந்த நாளில்தான், ஃபிலடெல்ஃபியா அணிக்காகப் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்குக்கு 28 வயது நிறைந்தது. பருவம் முழுக்க 2,005 யார்டு ஓடி, இரண்டாயிரத்தைக் கடந்த ஒன்பதாவது வீரர் என்ற பெருமையோடு இறங்கியவர் அவர். அன்று 25 முறை பந்தைச் சுமந்தும் தேறியது 57 யார்டுதான். அணியோ கான்சாஸ் சிட்டியை 40–22 என்று புரட்டிப் போட்டது. கோப்பையைக் கையில் வாங்கிய பிறகும் ‘பெரிய ஆட்டத்தில் மனிதர் சோபித்தாரா?’ என்று விவாதிக்க ரசிகரால் முடிகிறது.

அவரை மடக்குவதற்கென்றே எதிரணி ஆட்களைக் குவித்தது. அதனால் திறந்த வெளியில் குவார்ட்டர்பேக் பந்தை வீசினார்; மிச்சத்தைத் தடுப்பாட்டம் பார்த்துக்கொண்டது. ஓடாத யார்டுகளும் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்கும். ஆனால் புள்ளிவிவரப் பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

இந்த வீரரைப் பற்றிய வழக்கு 2018-லேயே தொடங்கிவிட்டது. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது ஆளாக நியூயார்க் அவரை எடுத்தது. 2013, 2014 இரண்டு ஆண்டுகளிலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எந்த அணியும் சீண்டவில்லை. அப்படியிருக்க, இவருக்கு இரண்டாம் இடமா? அவர் களத்தில் ஒரு அடி வைப்பதற்கு முன்பே எதிர்பார்ப்பு வானத்துக்கு ஏறிவிட்டது. முதல் ஆண்டில் ஓடியும் பந்தைப் பிடித்தும் 2,028 யார்டு சேர்த்து எல்லோர் வாயையும் அடைத்தார். 2020-இல் சிகாகோவில் முழங்கால் போனது. 2021-இல் ஓடியது மட்டும் 593 யார்டு. 2022-இல் எழுந்து நின்று 1,312. 2023-இல் மறுபடி 962; ஓட்டத்துக்குச் சராசரி 3.9 யார்டு. ‘ஆள் முடிந்தார்’ என்று தீர்ப்பெழுத அது போதுமானதாக இருந்தது.

2024 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். அந்தப் பருவத்தின் சராசரி 5.8. வயது ஒன்று கூடியிருந்தது, முழங்கால் அதேதான். மாறியது அவருக்கு முன்னால் நின்று எதிராளிகளைத் தடுத்து வழி திறந்துவிட்ட முன்வரிசையின் ஐந்து பேர். தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடித்தவர்களை யார் தேடுகிறார்கள்? முன்வரிசை சொதப்பினால் பழி ஓடுபவர் தலையில். முன்வரிசை ஜொலித்தால் புகழும் ஓடுபவருக்கே.

அளவுகோலும் சரியாக இல்லை. ஆயிரம் யார்டு என்பது இன்றும் கௌரவச் சின்னம். 1977 வரை பருவத்துக்கு 14 ஆட்டங்கள். ஆயிரத்தைத் தொட ஆட்டத்துக்கு 71 யார்டு வேண்டும். 2021 முதல் 17 ஆட்டங்கள், 59 போதும். சின்னம் மட்டும் மாறவில்லை.

டிராஃப்டின் உச்சியையும் கோடிக்கணக்கான டாலரையும் கொடுத்த அணியின் ரசிகர் கணக்குக் கேட்கக் கூடாதா என்பார்கள். கேட்கலாம். என் கவலை வேறு: இப்போது கணக்குக் கேட்பவர் அந்த அணியின் ரசிகர்தானா?

நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களின் எண்களுக்குப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டஸி கால்பந்து 1960-களில் ஓக்லண்டில் சிலர் பொழுதுபோக்காகத் தொடங்கிய விளையாட்டு. வழக்கமான விதிப்படி பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு ஆறு. பாய்ந்து வரும் எதிராளியை மார்பில் ஏந்தித் தடுத்துத் தன் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றினால் பூஜ்யம். 2007 டிசம்பரில் இதே ஃபிலடெல்ஃபியாவின் அன்றைய ரன்னிங் பேக் டல்லஸில் செய்ததைப் பாருங்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் டச்டவுன் கோடு திறந்து கிடக்க, ஒரு யார்டு முன்னதாகவே அவராக உட்கார்ந்துவிட்டார். பந்து எதிரணியின் கைக்குப் போகவே இல்லை. 10–6 என்று வெற்றி. அவரைத் தங்கள் ஃபேன்டஸி அணியில் வைத்திருந்தவர்களுக்கு ஆறு புள்ளி நஷ்டம். ஃபிலடெல்ஃபியா ரசிகருக்கோ அதைவிட அறிவாளியான ஆட்டம் இருக்க முடியாது.

அப்போது அது வெறும் புள்ளி. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான கூட்டாட்சித் தடையை நீக்கியது. நம் வீரர் டிராஃப்டில் தேர்வாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது சட்டபூர்வம். அணி ஜெயிக்குமா என்று மட்டுமல்ல, இந்த ஆள் இத்தனை யார்டைத் தாண்டுவாரா என்றும் கைபேசியிலேயே பணம் கட்டலாம். எதிர்பார்ப்பு என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை யார்டு வரை கணக்கிட்டு அச்சாகும் விலையாகிவிட்டது. மூன்று யார்டு குறைந்தால் ஒருவருக்குப் பணம் போகிறது. வசவு வீரருக்குப் போகிறது. வென்ற அணியின் வீரரும் அதில் தப்புவதில்லை.

2024 பருவத்தின் கடைசி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் பதிவான 2,105 யார்டு சாதனையை முறியடிக்க 101 யார்டு பாக்கி. அணியின் இடம் உறுதியாகிவிட்டதால் பயிற்சியாளர் அவருக்கு ஓய்வு கொடுத்தார். சாதனை போனது. ஆனால் அடுத்து வந்த நான்கு நாக்-அவுட் ஆட்டங்களில் அவர் 499 யார்டு ஓடினார், கோப்பை கிடைத்தது. அணியின் கணக்கும் எண்ணின் கணக்கும் இப்படித்தான் பிரிந்து போகின்றன.

கல்லூரி வீரர்கள்மீது இத்தகைய தனிநபர் பந்தயம் வேண்டாம் என்று கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பே 2024-இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஒஹையோ, லூசியானா போன்றவை அதற்கு இசைந்து தடை போட்டன. அந்தப் பாதுகாப்பு, ஏப்ரலில் டிராஃப்ட் மேடை ஏறியதும் காலாவதியாவது எந்த நியாயம்? கல்லூரிச் சீருடையில் இருந்த அதே இருபத்தொரு வயதுப் பையன்தானே செப்டம்பரிலும் ஓடுகிறான்? யார்டுக்கு விலை வைப்பதை அங்கே நிறுத்த முடிந்தவர்களால் இங்கேயும் நிறுத்த முடியும். அதன் பிறகு ரசிகர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடட்டும். அது தங்கள் அணிக்காகப் போடும் சண்டையாக இருக்கும்.